சுறாவுக்குத் தும்பிக்கை கிடையாது

எங்க வீட்டுல மீன்னு சொன்னாலே வாயக் கொப்பளிக்கணும். தென்காசியில ஏழு தலைமுறையாச் சைவம். கோயில் நிர்வாகம் பாத்த குடும்பம். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பட்டாசல்ல, அதான் முன்கூடத்துல, உக்காந்துக்கிட்டு, அறுபத்திரெண்டாம் வருஷம், நான் எம் பிள்ளைகளுக்குக் கடல் பாடம் நடத்துனேன். எப்படி நடத்துனேன்னு கேளுங்க. சிரிச்சா எனக்குக் கோவம் வராது, நானே இன்னும் சிரிச்சு முடிக்கல.

என் பேரு முத்துவடிவு. அஞ்சாங் கிளாஸ் முடிச்சதும், பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்னு எங்க அப்பா நிறுத்திட்டாக. எங்க வீட்டுக்காரக பேரை நான் சொல்லக் கூடாது. மலையாள எல்லையில இருக்கிற புளியறை செக்போஸ்ட்டுல அவுக மேசை மேல ஒரு பலகை இருக்கும், அதுல தாணுன்னு எழுதியிருக்கும். நானாச் சொல்லல, பலகையில அப்படித்தான் இருக்கு. எங்களுக்கு இரட்டைப் பிள்ளைக, பத்து வயசு. ஆவுடை பொண்ணு, நாறும்பூ பையன். முந்தின வருஷம் ஆவணியில ரெண்டுக்கும் டைபாய்டு வந்துட்டு. ஒண்ணு எந்திரிச்சா ஒண்ணு படுக்கும். அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது, அஞ்சாம் வகுப்பு பூராவையும் நான்தான் வீட்டுல வச்சுச் சொல்லிக்குடுத்தேன்.

பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் நல்லதம்பி சார் இளகின மனசுக்காரரு. "பள்ளிக்கூடம் திறக்கதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்கு வந்து கேள்வி கேக்கேன். சொல்லிட்டாங்கன்னா ஆறாம் வகுப்பு. இல்லன்னா மறுபடியும் அஞ்சு"ன்னுட்டாரு. எங்க மாமனாரு வல்லிநாயகம் பிள்ளை அதுக்கு மேல ஒண்ணு போட்டாரு. அவரு எங்கிட்ட நேராப் பேச மாட்டாரு. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்துல என்னைப் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டது கிடையாது. எதுன்னாலும் மகன் வழியாத்தான் வரும்.

"ஏலே, உம் பொண்டாட்டி கிட்டச் சொல்லு. பிள்ளைக தேறலன்னா ரெண்டையும் பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல விட்டுருவேன். கடுதாசி எழுதி வச்சாச்சு. அஞ்சாங் கிளாஸ்காரிய நம்பி இனி ஒரு வருஷத்தைக் கெடுக்க முடியாது."

ஆறு மாசம் அந்த ரெண்டு நெத்தியிலயும் ஈரத்துணி மாத்திப் போட்டவ நான். லீவுக்கு வந்து பெட்டியோட நிக்கிற பிள்ளைகளா அதுகளைப் பாக்க என்னால முடியாது. எப்படியாவது தேற வைக்கணும், வேற வழி கிடையாது.

கணக்கு, சரித்திரம், செய்யுள் எல்லாம் தண்ணி பட்ட பாடு. கடைசியில விஞ்ஞானப் புஸ்தகத்துல ஒரு பாடம் குறுக்க நின்னுது. கடல்வாழ் உயிர்கள். நாலே பக்கம். அச்சாபீசுல மை கொட்டிட்டுன்னு நினைக்கேன், படம் பூராவும் ஒரே கருப்பு. சுறா எங்க இருக்கு, நண்டு எங்க இருக்குன்னு தெரியல. அந்தப் பாடத்தைத் தள்ளிட்டுப் போகலாம்னா அதுவும் முடியாது. நல்லதம்பி சார் மணப்பாட்டுப் பக்கத்துக்காரரு. கடக்கரையில பிறந்து இந்த மலையடிவாரத்துல வந்து மாட்டிக்கிட்ட மனுசன். எந்தப் பிள்ளையப் பிடிச்சாலும் கடலைப் பத்தித்தான் கேப்பாருன்னு தெருவுக்கே தெரியும்.

நான் கடலைப் பாத்திருக்கேனான்னா, பாத்திருக்கேன். திருச்செந்தூருல பிள்ளைகளுக்கு மொட்டை போடும்போது மூணு முங்கு முங்குனேன். கண்ணைத் திறந்தா போன பாவம் திரும்பி வந்துரும்னு கூட வந்த பெரியம்மை சொன்னா. அதனால கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு முங்கி, கண்ணை மூடிக்கிட்டே கரையேறி, கல்லுல தடுக்கி விழுந்தேன். கடல் உப்பாருக்கும், சத்தம் போடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

அப்பதான் ஒரு நாள் மாமா பூசையை முடிச்சிட்டு வந்து, மகன்கிட்ட, "வருண பகவானுக்குச் சுறாதான்லே வாகனம்"னு பேச்சுவாக்குல சொன்னாரு. எனக்குப் பொறி தட்டிட்டு. தெருக் கோயில் மண்டபத்துத் தூணுல வருணன் இருக்காரு. சாயங்காலமே பிள்ளைக ரெண்டையும் இழுத்துக்கிட்டு ஓடினேன். வருணனுக்குக் கீழ ஒரு சாமான் இருந்துது. யானைத் தும்பிக்கை, சிங்கத்துக் காலு, பன்னிக் காது, வாலு இருக்கிற இடத்துல கொடிக்கொடியாச் சுருண்டு கிடக்கு. "நல்லாப் பாத்துக்கிடுங்க, இதுதான் சுறா"ன்னேன். நாறும்பூ, "கால் எதுக்கும்மா?"ன்னான். "கடல்ல தரை இருக்கும்லா, அங்கன நடக்க வேண்டாமா?"ன்னேன். ஆவுடை, "தும்பிக்கை?"ன்னா. "தண்ணியை உறிஞ்சி மேல ஊதத்தான்"னேன். எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துது.

ரெண்டும் நோட்டுல பக்கம் பக்கமா வரைஞ்சுது. நாலு நாள் கழிச்சு நல்லதம்பி சார் தேதி சொல்ல வந்தவரு, பட்டாசல்ல கிடந்த நோட்டை எடுத்துப் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சிட்டு மறுபடியும் பாத்தாரு.

"இது என்னதுலே?"

"சுறா, சார்."

மனுசன் தூணைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே, காப்பி கொண்டுக்கிட்டு வந்த நான் அப்படியே நிக்கேன். சிரிச்சு முடிச்சுக் கண்ணைத் துடைச்ச பிறகுதான் அவருக்கு முகம் மாறுனுது.

"தாயி, சுறாவுக்குத் தும்பிக்கை கிடையாது. காலும் கிடையாது. ஞாயித்துக்கிழமை இதைச் சொன்னாங்கன்னா நான் என்ன செய்ய? அண்ணாச்சி, உங்க மாமனாரு, பக்கத்துல உக்காந்திருப்பாரு, பொய்யா மார்க்குப் போட முடியாது. ஒரு மீனையாவது பிள்ளைக கண்ணால பாக்கட்டும்."

பரீட்சைக்குப் பதினஞ்சு நாள்தான் இருந்துது. எனக்கு வந்த வெக்கத்துல அந்தக் காப்பியை நானே குடிச்சிட்டேன்.

முதல்ல லைப்ரரிக்கு ஆள் விட்டேன். கடலைப் பத்தி ஒரே ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் இருந்துது, அதுல படமெல்லாம் எவனோ பிளேடு வச்சு வெட்டிட்டுப் போயிருக்கான். பொறவு தூத்துக்குடியில இருக்கிற எங்க அக்கா வீட்டுக்காரருக்குக் கடுதாசி போட்டேன். துறைமுகத்துல வேலை, பத்து வருஷமா அங்கனதான் இருக்காரு. பிள்ளைக படிக்கக் கடல் சம்பந்தமா என்ன கிடைச்சாலும் அனுப்புங்க அத்தான்னு எழுதினேன். ஒரு வாரத்துல பார்சல் வந்துது. உள்ள ஒரு பாட்டில் கடல் தண்ணியும் அந்த ஊரு இனிப்பு மக்ரூன் ரெண்டு பொட்டலமும் இருந்துது. அவரும் சைவம்லா. பத்து வருஷம் கடக்கரையில இருந்து அவரு கண்டுபிடிச்சது இந்த ரெண்டுதான்.

மக்ரூன் அரை நாள்ல தீந்துட்டு. தண்ணியை ரெண்டும் விரலை விட்டு நக்கிப் பாத்துது. நாறும்பூ பாட்டிலைச் சன்னல்ல வச்சு, உள்ள மீன் பொரியும் பொரியும்னு மூணு நாள் காவல் இருந்தான். நாலாவது நாள் அது நாறிப்போச்சு.

பரீட்சைக்கு மூணு நாள்தான் பாக்கி. வீட்டுக்காரக செக்போஸ்ட்டுல இருந்து வந்து சட்டையைக் கழட்டும்போது ஒரு வாடை அடிச்சுது. எப்பவும் அடிக்கிற வாடைதான். அன்னைக்குத்தான் எனக்கு மண்டையில ஏறுனுது. கொல்லத்துல இருந்து வார மீன் லாரி பூராவும் இவுக மேசைக்கு முன்னால நின்னுதான் போகணும்.

"ஏங்க, மீனு எப்படி இருக்கும்?"

அவுக மிரண்டுட்டாக. "எனக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு வருஷமா மீன் லாரியை விட்டு அனுப்புதிய."

"நான் மூக்குல கைக்குட்டையக் கட்டிக்கிட்டு, மீன் பன்னெண்டு பெட்டின்னு எழுதி அனுப்பிருவேன். பெட்டிக்குள்ள எதுக்குப் பாக்கணும்? டிரைவர் ஆதம் சொன்னாச் சரியா இருக்கும்."

இந்த மனுசனை வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் செய்யன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா ஆதம் பேரை மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டேன்.

மறுநாள் விடியல்ல சாரல் தூறிக்கிட்டு இருந்துது. குத்தாலத்துல தண்ணி விழுதாம், பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வாரேன்னு மகன் வழியா மாமாவுக்குச் சொல்லிட்டு, அவுக டூட்டிக்குக் கிளம்பின பொறவு நானும் பிள்ளைகளுமா மூணு பேரும் பஸ் ஏறினோம். குத்தாலத்துக்கு இல்ல, செங்கோட்டை போயி அங்கன இருந்து புளியறைக்கு. எங்க வீட்டுக்காரக மேசையில இருந்து நிமிந்து பாத்து, பேயைப் பாத்த மாதிரி எந்திரிச்சாக.

"ஏட்டி, இங்கன எதுக்கு வந்த?"

"பாடம் படிக்க."

ஆதம் லாரியைச் சாயாக்கடை ஓரத்துல நிறுத்தியிருந்தாரு. செங்கோட்டைக்காரரு, நல்ல உசரம், கொல்லத்துக்கும் தென்காசிக்கும் ஓடி ஓடிப் பேச்சுல பாதி மலையாளம். நான் விசயத்தைச் சொன்னேன். ஹாஸ்டல் வரைக்கும் சொன்னேன். அவரு என்னைப் பாத்தாரு, பிள்ளைகளைப் பாத்தாரு, கைக்குட்டைக்குள்ள இருந்த எங்க வீட்டுக்காரகளைப் பாத்தாரு. "இது நம்ம சாரோட பிள்ளைகளா? வா மோளே, வா மோனே"ன்னு ரெண்டையும் தூக்கி லாரிக்குப் பின்னால ஏத்திவிட்டாரு. நானும் சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு ஏறினேன். சாயாக்கடையில டீ குடிச்சவங்க பூராவும் தம்ளரைக் கீழ வச்சிட்டாங்க.

அவரு ஒரு பெட்டி மூடியைத் தட்டித் திறந்தாரு. ஐஸும் உமியும். அதுக்குள்ள, ஏயப்பா, வெள்ளி வெள்ளியா, நீலம் நீலமா. முந்தானையை மூக்குல வச்சிருந்தேன். எப்ப எடுத்தேன்னு எனக்குத் தெரியாது.

"இது மத்தி. நம்ம பக்கத்து ஆளுக சாளைன்னு சொல்லுவாங்க. இது அயிலை. இந்தச் சின்னது நெத்திலி."

ஆவுடை ஒண்ணை வால்ல பிடிச்சுத் தூக்கி, "அம்மா, காதுக்குள்ள பாருங்க, சேப்புச் சேப்பாச் சீப்பு மாதிரி"ன்னா. அதுதான் செவுளு, அதாலதான் மூச்சு விடும்னு ஆதம் சொன்னாரு. நாலு பக்கப் பாடத்துல செவுளுன்னு எட்டு இடத்துல வருது, நான் அது வரைக்கும் அதை வாலுக்குப் பக்கத்துல எங்கனயோ இருக்குன்னுல்லா சொல்லி வச்சிருந்தேன். அடுத்த பெட்டியில நண்டு. ஒண்ணு உசிரோட இருந்து நாறும்பூ விரலைப் பிடிச்சிட்டு, அவன் அழுவான்னு பாத்தா, "பத்துக் காலும்மா, சரியாப் பத்து"ன்னு எண்ணிக்கிட்டே கையை உதறுதான். முறம் மாதிரி ஒண்ணு கிடந்துது, அது திருக்கையாம். கடைசியா ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் நிறத்துல ஒண்ணை எடுத்துக் குறுக்க வச்சாரு.

"இது சுறாக்குட்டி."

ரெண்டும் குனிஞ்சு முன்னாலயும் பின்னாலயும் பாத்துது. நாறும்பூ கேட்டான், "தும்பிக்கை எங்க, மாமா? வெட்டிட்டியளா?"

ஆதமுக்குப் புரியல. நான் தூண்ல பாத்த கதையைச் சொன்னேன். அவரு சிரிச்சதுல லாரி ஆடுனுது. நானும் சிரிச்சேன், பிள்ளைகளும் சிரிச்சுது, கீழ நின்ன எங்க வீட்டுக்காரககூடக் கைக்குட்டைக்குள்ள குலுங்குனாக. என்னதான் பாக்குதியன்னு அவுக லாரிக்குள்ள தலையை நீட்டுன நேரத்துல, ஆதம் ஒரு கணவாயை எடுத்து அமுக்கிக் காட்டினாரு. அது வயித்துக்குள்ள ஒரு பை. அதுல இருந்து கருகருன்னு மை பீச்சி, நேராப் போயி அவுக வெள்ளை வேட்டியில விழுந்துட்டு. எதிரி வந்தா இதைக் கக்கிட்டுப் பின்பக்கமா ஓடிருமாம். எங்க வீட்டுக்காரக எந்த எதிரியும் இல்லாமலே ஓடினாக.

ஆதம் அந்தக் கணவாயைக் கீறி, முதுகுக்குள்ள இருந்து வெள்ளையா, உள்ளங்கை அகலத்துல ஒரு ஓடு உருவி எடுத்தாரு. கழுவி ஆவுடை கையில குடுத்தாரு. அவ அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. நகத்தால சுரண்டிப் பாத்தா. மாவு மாவா உதிந்துது. பொறவு எங்கிட்ட வந்து காதுக்குள்ள சொன்னா.

"அம்மா, இது தாத்தா பல்பொடியில இடிச்சுப் போடுத கடல்நுரைல்லா?"

நான் வாங்கிப் பாத்தேன். சந்தேகமே இல்ல. நாட்டு மருந்துக் கடையில மாசா மாசம் வாங்கி, உரல்ல இடிச்சு, படிகாரமும் உப்பும் சேத்துச் சலிச்சு வைக்கது நான்தான். அலை அடிச்சு அடிச்சு நுரை காஞ்சு இறுகிப்போன சாமான்னு மாமா சொல்லுவாரு. அதை விடச் சுத்தமான பொருள் உலகத்துலயே கிடையாதுன்னு சொல்லுவாரு. ஏழு தலைமுறைச் சைவம், நாப்பது வருஷமாக் காலையில எந்திரிச்சதும் முதல் காரியமாக் கணவாய் எலும்பை வாயில போட்டுத் தேய்ச்சிருக்கு.

நான் பிள்ளை வாயைப் பொத்தினேன். "ஏட்டி, தாத்தா கிட்ட மூச்சு விடக் கூடாது. நாறும்பூ, உனக்கும்தான்"னேன். சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துட்டு.

வாடை போக நேராக் குத்தாலத்துக்குப் போனோம். அவுகளும் லீவு சொல்லிட்டு வந்தாக. அருவியில தலையைக் குடுத்துக்கிட்டு நான் சிரிக்கேன், பக்கத்துல குளிச்ச பொம்பளைக கோட்டிக்காரின்னு தள்ளிப் போறாக. ஆவுடை கணவாய் மாதிரிப் பின்னால பின்னால போறா, நாறும்பூ நண்டு மாதிரிப் பாறையில பக்கவாட்டுல நடக்கான். சீயக்காயைப் பூராவும் தேய்ச்சுக் காலி பண்ணினோம். வாடை போயிட்டு. வேட்டியில மை மட்டும் போகல.

சாயங்காலம் மாமா பட்டாசல்ல ஈசிச்சேர்ல இருந்தாரு. "என்னலே கறை?"

"பேனா மைப்பா"ன்னாக இவுக.

ஆவுடை குறுக்க விழுந்தா. "பேனா இல்ல தாத்தா, கணவாய்."

அம்புட்டுத்தான். எல்லாம் வெளிய வந்துட்டு, லாரி, பெட்டி, ஆதம், எல்லாம். பல்பொடியை மட்டும் ரெண்டும் சொல்லல, வாக்குக் குடுத்திருக்குல்லா. மாமா சத்தம் போடல, அதுதான் எனக்குப் பயமா இருந்துது.

"மீன் லாரியில ஏத்தியிருக்கா. எம் பேரப் பிள்ளைகளை. ஏலே, உம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிரு. அந்த சாருக்கு நான் வாக்குக் குடுத்தாச்சு, ஞாயித்துக்கிழமை வரட்டும், கேக்கட்டும். ஒத்தக் கேள்வி தப்பினாலும் அன்னைக்குச் சாயங்காலமே பாளையங்கோட்டை."

ஞாயித்துக்கிழமை காலையில நல்லதம்பி சார் வந்தாரு. மாமா ஈசிச்சேர்ல சாயாம நிமிந்து உக்காந்தாரு. பிள்ளைக கீழ சம்மணம் போட்டுது. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால ஒரு கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எதுக்குக் கரண்டின்னு கேக்காதிய.

கணக்கு ஆச்சு. சரித்திரம் ஆச்சு. பொறவு சார் சம்மணத்தை மாத்திப் போட்டு உக்காந்தாரு, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சுறா வரையச் சொன்னாரு. தும்பிக்கை இல்லாம, காலு இல்லாம, அஞ்சு செவுள் கீறலோட நாறும்பூ வரைஞ்சான். நண்டுக்கு எத்தனை காலுன்னு கேட்டதுக்கு விரலைக் காட்டி, "பத்து, இதுல கடிச்சுது"ன்னான். சாருக்கு முகமெல்லாம் பல்லு. புஸ்தகத்தை மூடித் தூரப் போட்டாரு.

"இனிப் புஸ்தகம் வேண்டாம். கடல்ல உசிரோட இருந்த சாமான் ஏதாவது இந்த வீட்டுல இருந்தாக் கொண்டாங்க பாப்போம்."

மாமா சிரிச்சிட்டாரு. "எங்க வீட்டுலயா? சரியாப் போச்சு. நல்லாத் தேடுங்கலே."

ரெண்டும் எந்திரிச்சு ஓடுச்சு. எங்க வீட்டுல எம்புட்டுக் கடல் சாமான் கிடக்குன்னு எனக்கு அவ்வளவு நேரம் தோணவே இல்ல பாருங்க. ஆவுடை பூசையறையில இருந்து சங்கைக் கொண்டுவந்தா. "இதுக்குள்ள நத்தை மாதிரி ஒரு உசிரு இருந்துது, சார். இது அதோட வீடு." நாறும்பூ பல்லாங்குழி டப்பாவுல இருந்து சோழியை அள்ளிக்கிட்டு வந்தான். பிள்ளைக கைக்குழந்தையா இருக்கும்போது பால் குடுத்த சின்னச் சங்கு வந்துது. பொறவு ரெண்டும் மாமா பக்கத்துல போயி நின்னு அவரை மேலயும் கீழயும் பாத்துது.

"தாத்தா கடுக்கன்ல முத்து. அது சிப்பிக்குள்ள விளைஞ்சது."

"தாத்தா மோதிரத்துல பவளம். அது பூச்சி கட்டுன கூடு."

மாமா காதைத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. மோதிர விரலை மடக்கிக்கிட்டாரு. ஆனா பிள்ளைக சொல்லச் சொல்ல அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி ஏறிக்கிட்டு இருந்துது, எனக்கு அது தெரிஞ்சுது. நம்ம வீட்டுச் சாமானை வச்சே வாத்தியாரை மடக்குதேன்னு நினைச்சாரோ என்னமோ, "சார், நீரு பிள்ளைகளை ஏமாத்துத மாதிரி நான் ஒண்ணு கேக்கேன் பாரும். ஆவுடை, என் மருந்துப் பெட்டியில இருந்து கடல்நுரையை எடுத்துட்டு வா"ன்னாரு.

எனக்குக் கரண்டி கீழ விழுந்துட்டு.

அவ கொண்டுவந்தா. உள்ளங்கையில வச்சிக்கிட்டு நிக்கா. மாமா சாரைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டுதாரு. "இது உசிரா, உசிரு இல்லையா? கடல்ல இருந்துதான் வருது, ஆனா வெறும் நுரை. எங்க, அவ என்ன சொல்லுதான்னு பாப்போம்."

நல்லதம்பி சார் அதைப் பாத்தாரு. மணப்பாட்டுக்காரருக்கு அது என்னன்னு தெரியாதா? அவரு முகத்துல ஈயாடல. ஆவுடை கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பாத்தா. நுரைன்னு சொன்னாச் சாருகிட்ட தப்பு, ஒத்தக் கேள்வி தப்பினாப் பாளையங்கோட்டை. நிசத்தைச் சொன்னா மாமாவை அவரு வீட்டுல வச்சே, அந்நிய மனுசன் முன்னால அவமானப்படுத்துனதாகும், அப்பவும் பாளையங்கோட்டைதான். பிள்ளைக்கு உதடு துடிக்கி. நான் சொன்ன சொல்லுக்காக அது அப்படி நிக்கி. என்னால தாங்க முடியல.

பதினொரு வருஷத்துல முதல் தடவையா மாமா இருக்கிற பட்டாசல்ல என் குரல் கேட்டுது. "படிச்சதைச் சொல்லுட்டி"ன்னேன்.

"இது நுரை இல்ல தாத்தா. கணவாயோட முதுகு ஓடு. தோலுக்கு உள்ள இருக்கும். இதுக்குள்ள காத்து இருக்கதுனாலதான் கணவாய் மிதக்கும். நான் பெட்டியில பாத்தேன்."

மாமா மெதுவாத் திரும்பினாரு.

"சார், அப்படியா?"

நல்லதம்பி சார் மேல்துண்டை எடுத்து மடிச்சாரு, பிரிச்சாரு, மறுபடி மடிச்சாரு. மாமா முகத்தைப் பாக்காமலே சொன்னாரு, "பிள்ளைக ரெண்டும் தேறிட்டு, அண்ணாச்சி."

மாமா எந்திரிச்சாரு. புறவாசலுக்குப் போனாரு. வாளி கிணத்துல விழுத சத்தம் கேட்டுது. பொறவு கொப்பளிக்கிற சத்தம். நாறும்பூ பைய எண்ணினான், முப்பத்திநாலு வரைக்கும் வந்தான். சார் உதட்டைக் கடிச்சுக்கிட்டுத் தரையைப் பாக்காரு, இவுக வாயைத் துண்டால மூடிக்கிட்டாக, எனக்குச் சிரிப்பும் வருது, ஐயோ அந்தக் கிழவரு தனியா நின்னு கொப்பளிக்காரேன்னு அழுகையும் வருது.

ஈர மீசையோட திரும்பி வந்து ஈசிச்சேர்ல சாஞ்சாரு. "ஏலே"ன்னு மகனைக் கூப்பிட்டாரு. "பாளையங்கோட்டைக்கு எழுதுன கடுதாசி அலமாரியில இருக்கு. கிழிச்சுப் போடு. வாக்குன்னா வாக்கு." நான் பிள்ளைக ரெண்டையும் அடுக்களைக்குள்ள இழுத்து, மூச்சு முட்டக் கட்டிக்கிட்டேன்.

ரெண்டு நாள் மாமா வேப்பங்குச்சியில பல்லு விளக்கினாரு. ஈறு புண்ணாகிக் காப்பி குடிக்கக் கஷ்டப்பட்டாரு. மூணாம் நாள் காலையில பல்பொடி டப்பாவைக் கையில வச்சிக்கிட்டு முற்றத்துல நின்னாரு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருந்த ஆவுடையக் கூப்பிட்டாரு.

"ஏட்டி, அந்தக் கணவாய் இருக்குல்லா. அதைப் பிடிச்சுக் கொன்னாத்தான் ஓடு கிடைக்குமா, இல்ல தானாச் செத்தும் கிடைக்குமா?"

"வயசாகித் தானாச் செத்துப் போகும், தாத்தா. ஓடு மட்டும் மிதந்து கரைக்கு வந்துரும். கடையில விக்கது அதுதான்னு நல்லதம்பி சார் சொன்னாரு."

மாமா டப்பாவைத் திறந்து பாத்தாரு. மூடினாரு. நான் முற்றத்து ஓரத்துல பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். இவுகளும் அங்கனதான் நின்னாக, வழக்கம்போல அவுக வழியாத்தான் வரும்னு நான் நிமிரல.

"முத்துவடிவு"ன்னு ஒரு சத்தம் கேட்டுது. "பிள்ளை சொல்லுதது சரிதானா?"

கையில இருந்த ஏனத்தைக் கீழ வச்சேன். "சரிதான் மாமா"ன்னேன்.

அவரு ரெண்டு விரலை டப்பாவுக்குள்ள விட்டாரு.